காணொளி நாட்குறிப்பாளரின் தன்வரலாறு: உருவமும் உழைப்பும்

1

தன்வரலாறு எனும் இலக்கிய வகை, மனிதன் தன்னைப்பற்றிப் பேச விரும்பியமையால் மட்டும் தோன்றியதன்று. தன் வாழ்வு எழுதத்தக்கது என ஒரு சாதாரண மனிதன் கருதுவதற்கும், அவ்வாறு எழுதப்பட்டதைக் காசு கொடுத்து வாங்கி வாசிக்க முகமறியா வாசகர் கூட்டமொன்று இருப்பதற்கும் உரிய சமூக நிலைமைகள் முதலிலே உருவாகியிருத்தல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அந்நிலைமைகள் உருவாகின. 1771இல் தன் வரலாற்றை எழுதத் தொடங்கிய பெஞ்சமின் பிராங்ளின் சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்த ஒருவரின் மகன். தாமே அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். இறந்தபின் 1782இலும் 1789இலும் வெளிவந்த தன் வாக்குமூலங்களை எழுதிய ரூசோ கடிகாரம் செய்பவரின் மகன். பிறப்பாற் கிடைக்கும் தகுதியின் இடத்தில் உழைப்பாலும் உள்ளத்தாலும் ஈட்டிய தகுதியை நிறுத்தும் ஒரு வர்க்கம், தன்னைப்பற்றிப் பேசக் கண்டெடுத்த வடிவமே நவீன தன்வரலாறு எனலாம்.

அவ்வடிவத்திற்கு அடிப்படையான ஒரு கால ஒழுங்கு உண்டு. முதலில் வாழ்வு நிகழ்கின்றது, பின்னர் அது நினைக்கப்படுகின்றது, இறுதியில் எழுதப்படுகின்றது. வாழ்வுக்கும் எழுத்துக்கும் இடையேயுள்ள தூரமே தன்வரலாற்றாசிரியனுக்குத் தீர்ப்புக் கூறும் ஆற்றலைத் தருகின்றது. இருபத்தோராம் நூற்றாண்டின் இரண்டாவது தசாப்தத்தில் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கும் நூல்கள் சில வெளிவரலாயின. அன்றாடம் தம் வாழ்வைக் காணொளியாகப் பதிந்து இணையத்தில் இலட்சக்கணக்கானோர் முன் வைத்துவந்தவர்கள், அவ்வாழ்வைப்பற்றியே மீண்டும் அச்சில் நூல் எழுதினர். ஏற்கெனவே காட்டப்பட்டுவிட்ட வாழ்வில் சொல்வதற்கு எஞ்சியிருப்பது யாது? காணொளியே கையில் இருக்கும்போது காகிதம் எதற்கு? இவ்வினாக்களை முன்வைத்து, ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜஸ்ரின் எசாரிக் என்பாரின் ‘ஐ, ஜஸ்ரின்: அன் அனலொக் மெமுவார்’ (2015) எனும் நூலை நோக்குவது இக்கட்டுரையின் எல்லையாகும்.

இத்தகைய நூல்களை நோக்கும் விமர்சகர்கள் இரு வழிகளுள் ஒன்றில் வழுக்கி வீழ்வதைக் காண்கிறோம். இவை வெறும் குப்பை, சந்தைக்கெனச் செய்யப்பட்ட தற்பெருமை என ஒதுக்கிவிடுதல் ஒன்று. இடதுசாரி அணியிலும் இப்போக்கு வலுவாகவே உண்டு; ஆயின் அது மார்க்சிய முகமூடி அணிந்த பழைய உயர்குல இரசனையேயன்றி வேறன்று. மற்றையது, இனி எவரும் எழுத்தாளராகலாம், ஊடகம் சனநாயகமாகிவிட்டது எனும் கொண்டாட்டம். முன்னையது நூலைத் திறவாமலே மூடிவிடுகின்றது. பின்னையது நூலின் அட்டைக்கு அப்பாற் செல்வதில்லை. நூல் எவ்வுற்பத்தி உறவுகளுக்குள் நின்று பேசுகின்றது, அவ்வுறவுகள் அதன் உருவத்தில் எவ்வாறு பதிந்துள்ளன என வினவுவதே நாம் மேற்கொள்ளும் நெறி.

2

முதலில் நூலின் பிறப்பிடத்தைக் கவனித்தல் வேண்டும். யூரியூப் தளம் 2005இல் தொடங்கப்பட்டது. 2006இல் கூகிள் கம்பனி அதனை 165 கோடி டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்துத் தனதாக்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் அத்தளத்திலே பெருந்தொகையான இளம் பார்வையாளரைத் திரட்டியிருந்த சிலரை நூற்பதிப்பாளர்கள் நாடிச் சென்றனர். 2014இல் சைமன் அன்ட் ஷூஸ்ரர் குழுமத்தைச் சேர்ந்த அற்றியா பதிப்பகமும் யுனைற்றட் ரலன்ற் ஏஜென்சி எனும் கலைஞர் முகவர் நிறுவனமும் இணைந்து, இணையப் பிரபலங்களின் நூல்களுக்கென்றே ‘கீவேர்ட்ஸ் பிரஸ்’ என்ற பதிப்புப் பிரிவை ஏற்படுத்தின. எசாரிக்கின் நூல் அதன் வெளியீடுகளுள் ஒன்று. கொணர் பிரான்ரா என்பாரின் நினைவுக்குறிப்பும் அதே ஆண்டில் அங்கிருந்தே வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 22.

இங்கு முகவர் நிறுவனமும் பதிப்பகமும் ஒரே கூரையின்கீழ் வருவது தற்செயலன்று. வழமையாகப் பதிப்பாளர் ஒரு கையெழுத்துப் பிரதியை வாங்குகிறார்; பின்னர் அதற்கு வாசகரைத் தேடுகிறார். இங்கோ வாசகர் கூட்டம் முன்னரே திரட்டப்பட்டுவிட்டது. கையெழுத்துப் பிரதியே பின்னர் தேடப்படுகின்றது. பதிப்பாளர் உண்மையில் வாங்குவது ஆசிரியரின் எழுத்தை அன்று, அவர்பின் நிற்கும் கூட்டத்தையே எனின் மிகையாகாது. தொடர்புச் சாதனங்கள் உற்பத்தி செய்யும் முதன்மையான பண்டம் நிகழ்ச்சியன்று, விளம்பரதாரருக்கு விற்கப்படும் பார்வையாளரே அப்பண்டம் என்று கனடிய அறிஞரான டலஸ் ஸ்மைத் 1977இல் வாதிட்டார். வானொலியையும் தொலைக்காட்சியையும் மனங்கொண்டு அவர் கூறியது, நூற்பதிப்புத் துறைக்கும் பொருந்துமாறு இன்று விரிவடைந்துள்ளது.

இதன் விளைவு ஆசிரியத்துவம் எனும் கருத்தையே தாக்குகின்றது. இங்கிலாந்தின் காணொளிப் பிரபலமான சொயி சக் என்பாரின் ‘கேர்ள் ஒன்லைன்’ எனும் நாவல் 2014 நவம்பரில் பென்குவின் வெளியீடாக வந்து முதல் வாரத்திலேயே 78,000க்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. அதனை அவர் தனியே எழுதவில்லை என்பதைச் சில நாட்களில் பதிப்பகமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்நிகழ்ச்சியைத் தனிமனித நேர்மை பற்றிய விவகாரமாக மட்டும் பார்த்தல் போதாது. அட்டையிலுள்ள பெயரும், கதை சொல்பவரும், கதையில் வருபவரும் ஒருவரே என ஆசிரியர் வாசகருக்கு அளிக்கும் உறுதியே தன்வரலாற்றின் அடிப்படை என பிரெஞ்சு அறிஞர் பிலிப் லெஜூன் 1975இல் விளக்கினார். பெயரே வணிகச் சின்னமாகிவிட்ட சூழலில் அவ்வுறுதியைத் தருபவர் யார்? பெயருக்குரிய மனிதரா, பெயரைச் சந்தைப்படுத்தும் நிறுவனமா? இவ்வையம் நாவலோடு நின்றுவிடுவதன்று. இவ்வகைத் தன்வரலாறுகள் அனைத்தின் மீதும் அதன் நிழல் வீழ்கின்றது.

3

எசாரிக்கின் நூற்றலைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இணையத்தில் அவர் பெயர் ‘ஐஜஸ்ரின்’. ‘நான்’ எனப் பொருள்படும் ஆங்கில எழுத்துச் சிறிய வடிவிலே பெயரோடு ஒட்டி நிற்கின்றது. 1998இல் ஐமக், 2001இல் ஐபொட், 2007இல் ஐபோன் என அப்பிள் கம்பனி தன் பொருள்களுக்குச் சூட்டிய பெயர்களின் அதே வாய்பாடு அது. ‘நான்’ எனும் தன்மைச் சொல் ஒரு கம்பனியின் பண்டப் பெயரிடல் முறைவழியே மீண்டும் மனிதருக்கு வந்து சேர்கின்றது. பண்டம் மனிதத் தன்மையைப் பெறுவதும் மனிதர் பண்டத் தன்மையைப் பெறுவதும் ஒரே இயக்கத்தின் இரு பக்கங்கள் என மார்க்ஸ் காட்டியதற்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு கிடைத்தலரிது.

நூலின் பெயரிலோ, அவ்வெழுத்துப் பெரிய வடிவம் பெறுகின்றது. அதனை அடுத்துக் காற்புள்ளி ஒன்று இடப்படுகின்றது. ‘ஐஜஸ்ரின்’ என்பது ‘ஐ, ஜஸ்ரின்’ ஆகின்றது. அதாவது ‘நான், ஜஸ்ரின்’. ஒட்டி நின்ற வணிகச் சின்னத்தை ஒரு காற்புள்ளி பிரித்து, சாட்சி கூற முன்வந்த மனிதக் குரலாக்க முயல்கின்றது. ‘அனலொக் நினைவுக்குறிப்பு’ எனும் உபதலைப்பும் இதே விருப்பத்தையே வெளிப்படுத்துகின்றது. எண்மமாக்கப்பட்ட வாழ்விலிருந்து காகிதத்திற்குத் திரும்புவதாக அது அறிவிக்கின்றது. நகைச்சுவையாகச் சூட்டப்பட்ட தலைப்பேயெனினும், அந்நகைச்சுவையின் அடியில் ஓர் ஏக்கம் உண்டு. சின்னத்திற்கு அப்பால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை நிறுவவேண்டிய தேவையே அது. நூல் இத்தேவையை எவ்வளவு தூரம் நிறைவேற்றுகின்றது என்பதே நமது வினா.

4

எசாரிக் 1984இல் பிற்ஸ்பேர்க் நகரிற் பிறந்தவர்; மேற்குப் பென்சில்வேனியாவின் கிராமப்புறத்தில் வளர்ந்தவர். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி; தாய் உடற்பயிற்சி ஆசிரியை. இப்பின்னணியை வாழ்க்கைக் குறிப்பு என்ற அளவில் விட்டுவிடுதல் தகாது. மேற்குப் பென்சில்வேனியா அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் ஆழப் பதிந்த நிலம். 1892ஆம் ஆண்டின் ஹோம்ஸ்ரெட் உருக்காலைப் போராட்டம் நிகழ்ந்தது அங்கேதான். அதே ஹோம்ஸ்ரெட் ஆலை 1986இல் மூடப்பட்டது. எசாரிக்கின் பிள்ளைப்பருவம், அப்பிரதேசத்தின் உருக்குத் தொழில் சரிந்து பல்லாயிரவர் வேலையிழந்த காலத்தோடு ஒன்றிச் செல்கின்றது. நிலத்தினடியிலிருந்து கரி அகழ்ந்த தலைமுறையை அடுத்து, தன் வாழ்விலிருந்தே காட்சிகளை அகழ்ந்தெடுத்து விற்கும் தலைமுறை வருகின்றது. உற்பத்தியின் களம் சுரங்கத்திலிருந்து படுக்கையறைக்கு இடம்பெயர்ந்தமையே இந்நூலின் பேசப்படாத வரலாற்றுப் பொருள்.

நூலின் முன்னணியில் நிற்பது கணினியே. சுரங்கம் பின்புலத்தோடு நின்றுவிடுகின்றது. வீட்டிற்கு வந்த முதற் கணினி மீதான பேரார்வம், சிறுவயதிலேயே இணையத்தளம் அமைத்தமை என நூல் வளர்த்துச் செல்லும் கதை, பொருளொன்றின் மீது கொண்ட காதலின் கதையாக அமைகின்றது. இதில் முற்போக்கான ஒரு கூறு உண்டு என்பதை மறுத்தலாகாது. தொழில்நுட்பம் ஆண்களின் துறையெனக் கருதப்பட்ட சூழலில், தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணொருத்தி படப்பதிவு, படத்தொகுப்பு, வரைகலை ஆகியவற்றைக் கற்றுத் தேர்கிறாள். ஒரு காலத்தில் தொலைக்காட்சிக் கம்பனிகள் மட்டுமே வைத்திருந்த கருவிகள் அவள் மேசைக்கு வருகின்றன. எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் இடையிலான வேறுபாடு தன் அடிப்படையை இழந்துவருகின்றது என 1930களில் வால்ரர் பென்யமின் கூறியபோது அவர் கண்ட சாத்தியம் இதுவே. ஆயின் அச்சாத்தியம் எவருடைய சொத்துரிமைக்குட்பட்டு நிறைவேறிற்று என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

5

2007ஆம் ஆண்டில் எசாரிக்கின் வாழ்வில் இரு நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. நமது வாசிப்புக்கு இவ்விரண்டுமே மையமானவை.

முதலாவது, ஜஸ்ரின்.ரிவி எனும் தளத்தினூடாக அவர் மேற்கொண்ட வாழ்வு ஒளிபரப்பு. அத்தளத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜஸ்ரின் கான் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் தன் தலையிற் கமரா பொருத்தி, இரவுபகலாகத் தன் வாழ்வை நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கினார். சில மாதங்களில் எசாரிக்கும் அவ்வழியிற் சென்றார். இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு: 1996 முதல் 2003 வரை ஜெனிபர் றிங்லி எனும் அமெரிக்கப் பெண் தன் அறையில் நிறுவிய கமராவினூடாகத் தன் அன்றாட வாழ்வை இணையத்திற் காட்டிவந்தார்.

இலக்கியக் கொள்கை நோக்கில் வாழ்வு ஒளிபரப்பு இயற்பண்புவாதத்தின் இறுதி எல்லையாகும். கதைகூறலுக்கும் வருணனைக்கும் இடையிலான வேறுபாட்டை 1936இல் ஜோர்ஜ் லூக்காச் விளக்கியபோது, வருணனை எல்லாவற்றையும் ஒரே தளத்தில் வைத்து முக்கியமானதையும் முக்கியமற்றதையும் சமப்படுத்திவிடுகின்றது எனக் குறை கண்டார். இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் கமராவோ தெரிவு என்பதையே கைவிட்டுவிடுகின்றது. பல் துலக்குதலும் துயரமும் அதற்கு ஒன்றே. இங்கு தொடக்கம் இல்லை, முடிவும் இல்லை. நிறுத்தம் மட்டுமே உண்டு. அதனாலேயே, காலத்தால் முந்திய தொலைக்காட்சியின் தொடரோட்டம் பற்றி றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் கூறியவை இங்கு முழுமை பெறுகின்றன. அங்கு நிகழ்ச்சிகளே ஒன்றோடொன்று கலந்து ஓடின. இங்கு மனித வாழ்வே அவ்வோட்டமாகின்றது.

இரண்டாவது நிகழ்ச்சி, அவரைப் புகழுக்குக் கொண்டுவந்த கட்டணப் பட்டியல். 2007 யூன் இறுதியில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அதற்கான தொலைபேசிச் சேவையை ஏ.ரி. அன்ட் ரி கம்பனியே வழங்கிற்று. ஓகஸ்ற் மாதத்தில் எசாரிக்கிற்கு வந்த முதற் பட்டியல் கடித உறையிலன்றிப் பெட்டியொன்றில் வந்தது. அது 300 பக்கங்கள் கொண்டது. அனுப்பிய ஒவ்வொரு குறுஞ்செய்தியும், தொலைபேசி மேற்கொண்ட ஒவ்வொரு தரவுப் பரிமாற்றமும் தனித்தனி வரியாக அதில் அச்சிடப்பட்டிருந்தன. தரவுப் பாவனைக்கு நிலையான மாதக் கட்டணமே அறவிடப்பட்டமையால் அத்தரவு வரிகள் தனிக்கட்டணம் எதற்கும் உரியனவல்ல. ஆயினும் அவை பதியப்பட்டிருந்தன. பெட்டியைப் பிரித்துப் பக்கங்களைப் புரட்டும் சுமார் ஒரு நிமிடக் காணொளியை அவர் வெளியிட்டார். அது பெருந்தொகையானோரைச் சென்றடைந்து செய்தியாயிற்று. விரைவிலேயே கம்பனி விரிவான பட்டியலுக்குப் பதிலாகச் சுருக்கப் பட்டியலை வழமையாக்கிற்று.

நூலில் இந்நிகழ்ச்சி வேடிக்கையான ஒரு வெற்றிக் கதை. காகிதம் வீணாவதை ஒரு பெண் எள்ளி நகையாடினாள், பெருங்கம்பனி பணிந்தது. அவ்வெற்றி உண்மையானதே. ஆயினும் அப்பெட்டியில் இருந்தது யாது என நாம் வினவுதல் வேண்டும். நாளும் நேரமும் குறித்து, ஒரு மனிதரின் தொடர்புகளை இடைவிடாது பதிந்த பத்திரத்தைத் தமிழில் நாம் நாட்குறிப்பு என்றே அழைப்போம். எசாரிக் தன் வாழ்வை ஒளிபரப்பிக்கொண்டிருந்த அதே வாரங்களில், அவர் அறியாமலே மற்றொரு நாட்குறிப்பாளர் அவர் வாழ்வைப் பதிந்துகொண்டிருந்தார். அந்நாட்குறிப்பாளர் கம்பனியே. ஒன்று உலகிற்குக் காட்டப்பட்டது. மற்றையது கணக்கறையிற் சேர்ந்தது. தவறுதலாக என்று சொல்லுமளவிற்கு அது ஒருமுறை அச்சாகி உரியவரின் வாசலுக்கு வந்துவிட்டது. அவ்வளவே.

இனி, கம்பனி அளித்த தீர்வின் இயல்பைக் கவனிப்போம். நிறுத்தப்பட்டது பதிவு செய்தலன்று, பதிவைக் காட்டுதலே. சுருக்கப் பட்டியல் வந்ததும் மரங்கள் தப்பின. அதே கணத்தில், தன் வாழ்வு எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கெடுக்கப்படுகின்றது என்பதைப் பாவனையாளர் கண்ணாற் காணும் வாய்ப்பும் மறைந்தது. அன்று விலையிடப்படாது வரிவரியாகக் கிடந்த அப்பதிவுகளைப் போன்ற தடங்களே அடுத்து வந்த ஆண்டுகளில் இணையப் பெருமுதலின் மூலப்பொருளாயின என்பதை இன்று அறிவோம். உற்பத்தி உறவு ஒருமுறை தன் உருவைப் பௌதிகமாக, முந்நூறு பக்கக் கனத்தோடு வெளிக்காட்டிற்று. நகைப்பு அதனை மீண்டும் மறைத்தது. கருத்துநிலை தொழிற்படும் முறைக்கு இது தெளிவான சான்று.

எனினும் நூலாசிரியரை இதற்காகக் குறை கூறுதல் விமர்சனமாகாது. 1888இல் மார்கிரட் ஹார்க்னஸ் என்பாருக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ், ஆசிரியரின் கருத்துகளையும் மீறி யதார்த்தம் வெளிப்படக்கூடும் என பல்சாக்கை எடுத்துக்காட்டி விளக்கினார். பல்சாக்கோடு இந்நூலை ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் அவ்விதி சிறிய நூல்களுக்கும் பொருந்தும். நூல் வேறு எங்கும் சொல்லாத ஒன்றை அப்பெட்டி சொல்லிவிடுகின்றது.

6

காணொளி நாட்குறிப்பாளர் எவ்வர்க்கத்தைச் சேர்ந்தவர்? இவ்வினாவிற்கு விடை காணாது நூலின் தொனியை விளங்கிக்கொள்ள முடியாது. கவிஞர் மில்ரன் பட்டுப்புழு பட்டு நூற்பதுபோலத் தன் இயல்பால் எழுதினார் என்றும், பதிப்பாளரின் கட்டளைக்கு நூல் செய்துகொடுக்கும் லீப்சிக் நகரத்து எழுத்துத் தொழிலாளியே மூலதனத்திற்கு உபரிப் பெறுமதி தருபவன் என்றும் மார்க்ஸ் வேறுபடுத்தினார். காணொளி நாட்குறிப்பாளர் இவ்விருவருக்கும் இடையில் நிற்கிறார். அவரை எவரும் வேலைக்கு அமர்த்துவதில்லை. கமராவும் கணினியும் அவருக்கே சொந்தம். என்ன செய்வது என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். இவ்வளவில் அவர் சிறுபண்ட உற்பத்தியாளர்.

ஆயின் பண்டத்தைப் பார்வையாளரிடம் கொண்டுசெல்லும் வழி அவருக்குச் சொந்தமன்று. யூரியூப் 2007இல் தொடங்கிய பங்காளித் திட்டத்தின்கீழ் விளம்பர வருவாயில் ஒரு பகுதி அவருக்குக் கிடைக்கின்றது. வழமையான காணொளிகளைப் பொறுத்தவரை அப்பகுதி நூற்றுக்கு 55 வீதம். விளம்பரத்தின் விலையையோ, எக்காணொளி எவர் கண்ணிற்படும் என்பதையோ அவர் தீர்மானிப்பதில்லை. விதிகளை மாற்றும் உரிமையும் தளத்திடமே உண்டு. 2018இல், 1,000 சந்தாதாரரும் முந்திய பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் இல்லாதோர் இவ்வருவாய்க்கு உரியரல்லர் எனத் தளம் ஒரே அறிவித்தலில் விதித்தது. எண்ணற்ற சிறு உற்பத்தியாளர் அதனால் வெளியேற்றப்பட்டனர். பேரம் பேச அவர்களிடம் சங்கம் இல்லை. முறையிட முதலாளி எனும் முகமும் இல்லை.

இவ்வுறவு முற்றிலும் புதியதன்று. ஆலைத்தொழிலுக்கு முந்திய ஐரோப்பாவில், வணிகமுதல் கிராமத்து நெசவாளனைப் பிணைத்திருந்த வெளிக்கொடுப்பு முறையை இது பெரிதும் ஒத்தது. தறி நெசவாளனுடையது, வீடும் அவனுடையது, நேரமும் அவனுடையதே எனத் தோன்றும். ஆனாற் சந்தை வணிகனுடையது. கூலி துண்டுக்கு இவ்வளவு என அளக்கப்பட்டது. துண்டுக்கூலியின் கீழ்த் தொழிலாளி தன்னைத்தானே விரட்டுகிறான், கங்காணி தேவைப்படுவதில்லை என்பதை மூலதனத்தின் முதலாம் பாகத்தில் மார்க்ஸ் விரித்துரைத்தார். அன்றாடம் ஒரு காணொளி வெளியிட வேண்டும் என்ற தவிப்பை நாட்குறிப்பாளர்கள் தம் உள்ளார்ந்த உந்துதலாகவே உணர்கின்றனர். துண்டுக்கூலியின் அகவடிவம் அதுவே. கீவேர்ட்ஸ் பிரஸ் வெளியிட்ட பிரான்ராவின் நூல் ‘எ வேர்க் இன் புறொகிறஸ்’, அதாவது முடிவுறாத வேலை எனப் பெயர் பெற்றமையும் இங்கு எண்ணத்தக்கது. தன்னையே முடிவின்றிச் செப்பனிடவேண்டிய வேலைப்பாடாகக் காணும் பிரக்ஞை அத்தலைப்பில் ஒலிக்கின்றது.

பெண் நாட்குறிப்பாளரைப் பொறுத்தவரை இப்பிரச்சினை மேலும் கூர்மை பெறுகின்றது. ஆர்லி ஹொக்சைல்ட் 1983இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களின் புன்னகையும் உழைப்பே என நிறுவினார். காணொளியின் முன் தோன்றும் குதூகலமும் அத்தகைய உழைப்பேயாகும். ஆயின் அது உழைப்பெனத் தோன்றாதிருப்பதே அதன் விற்பனைக்கு நிபந்தனை. களைப்புற்ற முகம் பார்வையாளரை இழக்கும். உழைத்துச் செய்த குதூகலம் எனத் தெரிந்தாலும் இழக்கும். அன்பு என அழைக்கப்படுவது உண்மையிற் கூலியற்ற வேலையே என 1975இல் சில்வியா பெடரிச்சி வீட்டுவேலை குறித்து வாதிட்டார். காணொளி நாட்குறிப்பில் வீட்டின் அறைகளே தொழிற்கூடமாகிவிட, இயல்பான குணம் என அழைக்கப்படுவதே வேலையாகின்றது. எசாரிக்கின் நூல் பெரும்பாலும் நகைச்சுவை நிகழ்ச்சிகளின் கோவையாக அமைந்துள்ளமைக்கு இதுவே காரணம் என நாம் கருதுகிறோம். சின்னத்திற்கு அப்பாலுள்ள மனிதரைக் காட்ட முனையும் நூலிலும் குதூகலத்தைக் கைவிட முடிவதில்லை. கைவிட்டால் நூலை வாங்கும் கூட்டம் அவரை அடையாளம் காணாது. தலைப்பிலே இட்ட காற்புள்ளி உரைநடையினுள் நிலைக்கவில்லை.

7

அவ்வாறெனின் இந்நூல் தோல்விதானா? அவ்வாறு கூறி முடித்தல் அவசரமாகும். ஏனெனில் காணொளி செய்யவியலாத ஒன்றை இந்நூல் செய்கின்றது. வாழ்வு ஒளிபரப்பு நிகழ்ந்த ஜஸ்ரின்.ரிவி தளத்தின் பின்வந்த வரலாறு இதனை விளக்கும். அதன் உரிமையாளர்கள் 2011இல், விளையாட்டுக் காணொளிகளுக்கென ருவிச் எனும் தளத்தைத் தொடங்கினர். அதுவே இலாபம் தந்தது. 2014 ஓகஸ்ற் மாதத்தில் ஜஸ்ரின்.ரிவி மூடப்பட்டது; அதே மாதத்தில் அமேசன் கம்பனி ருவிச்சைச் சுமார் 97 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இரவுபகலாக ஒளிபரப்பிய மனிதர்களின் வாழ்வு நிகழ்ந்த மேடை, இலாபம் வேறிடம் சென்றதும் கலைக்கப்பட்டது. மறு ஆண்டில் எசாரிக்கின் அச்சுநூல் வெளிவருகின்றது.

இவ்வரிசையில் வைத்து நோக்கும்போது ‘அனலொக்’ எனும் சொல் வேடிக்கை மட்டுமன்று எனத் தெளிவாகும். தன் நாட்குறிப்புத் தன் வசத்தில் இல்லை, வேறொருவரின் சொத்தாகிய இடத்தில் வேறொருவரின் இலாபக் கணக்கிற்கு உட்பட்டே அது நிலைக்கின்றது என்பதை இத்தொழிலில் ஈடுபட்டோர் அனுபவத்தாற் கற்றனர். அச்சேறிய நூலை எவரும் ஒரே நாளில் எல்லா வீடுகளிலிருந்தும் அகற்றிவிட முடியாது. அன்றியும் நூல் தெரிவு செய்கின்றது; முதலில் எது, பின்னர் எது எனக் காரணகாரியம் காட்டுகின்றது. கமரா கைவிட்ட கதைகூறலை அது மீட்டெடுக்கின்றது. இடைவிடாத நிகழ்காலத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் இறந்தகாலத்திற் பேசுகிறார். தனக்கு ஒரு வரலாறு உண்டு என்கிறார். அவ்வரலாற்றுக்குத் தனிமனித அதிர்ஷ்டமும் ஆர்வமும் தவிர வேறு விளக்கம் காண அவரால் இயலவில்லை. சுரங்கத் தொழிலாளியின் உழைப்பையும் தன் உழைப்பையும் ஒரே சொல்லால் அழைக்க நூல் முன்வருவதில்லை. அதன் எல்லை அதுவே. ஆயின் அவ்வெல்லை ஆசிரியரின் அறிவெல்லை மட்டுமன்று. தன்னை உழைப்பாளியாக அறிந்துகொள்ள இன்னும் வழி கிடைக்காத ஒரு தொழிற்பிரிவின் எல்லையுமாகும்.

பிராங்ளினின் தன்வரலாறு எழுச்சியுறும் ஒரு வர்க்கத்தின் தன்னம்பிக்கையைப் பேசிற்று. எசாரிக்கின் நூலில் அதே தன்னம்பிக்கைச் சொற்கள் கேட்கின்றன. அவற்றின் அடித்தளமோ மாறிவிட்டது. அச்சகம் பிராங்ளினுக்குச் சொந்தமாயிருந்தது. இவருக்குச் சொந்தமாயிருப்பது முகமும் குரலும் கமராவும் மட்டுமே. உடைமையாளனின் மொழியில், உடைமையற்ற ஒருவர் தன் கதையைச் சொல்ல நேர்வதே இவ்வகை நூல்கள் யாவற்றிலும் தொழிற்படும் உள்முரண்பாடு எனலாம்.

இம்முரண்பாட்டை வெளிக்கொணர்வது இன்றைய விமர்சகரின் கடன். காணொளி நாட்குறிப்பைத் தொழிலாகக் கொள்ள விழையும் இளைஞர் தொகை உலகெங்கும் பெருகிவருகின்றது. அவர்களுக்கு இந்நூல்கள் இலக்கியமாகப் பயன்படுவதிலும் பார்க்க வழிகாட்டிகளாகவே பயன்படுகின்றன. அவ்வாசகரிடம், நீர் வாசிப்பது குப்பை எனக் கூறுவதாற் பயனில்லை. பெட்டியில் வந்த முந்நூறு பக்கங்களை மீண்டும் திறந்து காட்டுவதே பயனுடையது. நாட்குறிப்பு எழுதுபவர் யார், அதை வைத்திருப்பவர் யார், அதிலிருந்து பெறுமதி ஈட்டுபவர் யார் எனும் மூன்று வினாக்களையும் ஒருசேர வினவும் தன்வரலாறு ஒன்றை இத்துறையிலிருந்து எவரேனும் எழுதுவராயின், அது சுரங்கத் தொழிலாளர் தம் வரலாற்றை எழுதிய மரபோடு தன்னை இணைத்துக்கொள்ளும். அத்தகைய நூலுக்கு வேண்டிய மூலப்பொருள் யாவும், அதன் ஆசிரியர் அறியாமலே, ‘ஐ, ஜஸ்ரின்’ எனும் இச்சிறு நூலில் ஏற்கெனவே உள்ளது.